குளிசைப் பையோடு கண்ணாஸ்பத்திரிக்கு

கண்புரை என்றால் இந்தக் காலத்தில் சின்ன ஒபரேசன், காலையில் போனால் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று வெள்ளவத்தையில் எங்கள் மாடியில் எல்லோரும் சொன்னார்கள். சொன்னது பொய்யில்லை. மேசையில் படுத்திருந்த நேரம் அரை மணித்தியாலமும் வராது. ஆனால் அந்த மேசைக்குப் போக முன்னர் சீனி, பிறஷர், சலம், இருமல் என்று உடம்பில் இருந்த எல்லாவற்றையும் ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது. எழுபதைத் தாண்டிய ஒருவருக்குக் கண்ணை மட்டும் தனியாக எடுத்து வைத்தியம் செய்ய முடியாது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. இதைப் பற்றி முன்கூட்டியே யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு முதலில் வந்தது மங்கல் இல்லை, வெளிச்சக் கூச்சம். பொழுதுபட்டபின் காலி வீதியைக் கடக்கும்போது எதிரே வரும் வாகனங்களின் விளக்கு விரிந்து பரந்து, நடுவில் நிற்கும் ஆளை மறைத்துவிடும். பிறகு பஸ் பலகையில் 100, 101 இரண்டும் ஒன்றாகத் தெரியத் தொடங்கின. கண்ணாடியை மாற்றிப் பார்த்தேன், சில மாதத்தில் அதுவும் போதவில்லை. கண்ணாடிக் கடையில் இருந்த பிள்ளைதான் நேராகச் சொன்னாள்: "அங்கிள், இனி எந்தக் கண்ணாடி போட்டாலும் சரிவராது. கண்ணுக்குள்ள இருக்கிற வில்லைதான் மங்கியிருக்கு. டொக்டரிட்டக் காட்டுங்கோ."

நம் கண்ணில் கருமணிக்குப் பின்னால் இருக்கும் வில்லை புரதத்தால் ஆனது. வயது போகப் போக அந்தப் புரதம் திரண்டு, மஞ்சளாகி, வெளிச்சத்தைச் சிதறடிக்கிறது. சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அது இன்னும் முந்தி வரும். ஏற்பட்ட புரையைக் கரைக்கக் குளிசையும் இல்லை, துளிமருந்தும் இல்லை. ஊரில் இருந்து வந்த சொந்தக்காரர் நந்தியாவட்டைப் பூச்சாறு விடச் சொன்னார், இன்னொருவர் தேன் விடச் சொன்னார். இருவரும் அன்பில்தான் சொன்னார்கள். ஆனால் கிருமி நீக்காத எதையும் கண்ணுக்குள் விடாதீர்கள். தொற்று வந்தால் புரையை விடப் பெரிய ஆபத்து அது.

நாங்கள் போனது லிப்டன் சுற்றுவட்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தேசிய கண் வைத்தியசாலைக்கு. நூற்றாண்டைக் கடந்த அந்தப் பழைய விக்டோரியா நினைவுக் கட்டடத்தைக் கொழும்பில் தெரியாதவர் இல்லை. நாட்டின் எல்லாப் பக்கத்தில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மட்டக்களப்பில் இருந்து இரவு பஸ் ஏறி வந்த ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில்தான் எனக்கு இடம் கிடைத்தது. கண்ணின் பின்புறத்தைப் பார்ப்பதற்காகக் கருமணியை விரிக்கும் மருந்து விடுவார்கள். அதற்குப் பிறகு சில மணித்தியாலத்துக்கு எழுத்து வாசிக்க முடியாது, வெயிலும் தாங்காது. கறுப்புக் கண்ணாடியோ தொப்பியோ கொண்டுபோங்கள். தனியாக மட்டும் போகாதீர்கள்.

புறப்படும்போது என் மனைவி வீட்டில் இருந்த எல்லாக் குளிசை மட்டைகளையும் அள்ளி ஒரு பையில் போட்டாள். "கண்ணுக்குத்தானே போறம், இதெல்லாம் என்னத்துக்கு?" என்றேன். "கேட்டால் பேர் சொல்ல உங்களுக்கு வருமோ? மட்டையைக் காட்டினால் காணும்" என்றாள். பைக்குள் மெற்போமின் இருந்தது, பிறஷருக்கு எனலபிரில் இருந்தது, 75 மில்லிகிராம் அஸ்பிரின், கொலஸ்ட்ரோலுக்கு இரவில் போடும் அற்றோவஸ்ரற்றின், புரஸ்ரேற் வீக்கத்துக்கு ரம்சுலோசின். சீனிக்கும் பிறஷருக்கும் அரசாங்கக் கிளினிக்கில் மருந்து. புரஸ்ரேற்றுக்கு வெளியில் காசு கட்டிச் சனல் பண்ணிப் பார்த்த டொக்டர். ஒருவர் எழுதியதை மற்றவர் கண்டதே இல்லை. எங்கள் வயதில் அநேகமானோருக்கு இதே நிலைதான். எல்லாம் ஒன்றுசேரும் ஒரே இடம் அந்தப் பைதான்.

என்னைப் பார்த்த இளம் டொக்டர் தமிழில் கதைத்தார். கண்ணைப் பார்த்து முடித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "ஐயா, சலம் போறதுக்கு ஏதும் குளிசை பாவிக்கிறீங்களா?"

பையை மேசையில் வைத்தேன். ரம்சுலோசின் மட்டையை எடுத்தவர் கொப்பியின் முன்பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினார். பிறகு பொறுமையாக விளக்கினார். அந்தக் குளிசை சலப்பை வாயிலில் இருக்கும் தசையைத் தளர்த்துவதால்தான் சலம் இலகுவாகப் போகிறது. அதே குளிசை கருமணியை விரிக்கும் தசையையும் தளர்த்திவிடும். ஒபரேசன் நடக்கும்போது கருமணி சுருங்கும், அதைச் சுற்றியுள்ள படலம் தொய்ந்து அலையும், சத்திரசிகிச்சை சிக்கலாகும். 2005ஆம் ஆண்டில்தான் இந்தத் தொடர்பை வைத்திய உலகம் கண்டறிந்தது. சில நாள் நிறுத்தினால் சரியாகிவிடும் என்றும் நம்ப முடியாது, குளிசையை விட்டு நெடுநாள் ஆனவர்களுக்கும் அது நடந்திருக்கிறது. ஆனால் முன்பே தெரிந்தால் சத்திரசிகிச்சை செய்பவர் அதற்கு வேண்டிய மருந்தையும், கருமணியை விரித்துப் பிடிக்கும் சிறு கொக்கிகளையும் ஆயத்தமாக வைத்திருப்பார். "நீங்களாக நிறுத்த வேண்டாம். சொன்னதே காணும்" என்றார். அஸ்பிரினைப் பற்றியும் கேட்டேன். என் விடயத்தில் அதையும் தொடரச் சொன்னார். இரத்தம் உறையாமல் இருக்க வேறு மருந்து எடுப்பவர்கள் தங்கள் டொக்டரிடம் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்தக் கூடாது.

புரஸ்ரேற்றுக்குக் குளிசை எடுக்கும் ஆண்கள் இதை வெட்கத்தில் சொல்லாமல் விடுவது எனக்குத் தெரியும். என் நண்பர்கள் சிலருக்கு அந்தக் குளிசை வீட்டுக்காரருக்கே தெரியாது. தயவு செய்து சொல்லுங்கள்.

அடுத்தது இருமல். நாடியைக் கருவியில் வைத்துக் கண்ணைப் பார்க்கும்போதே எனக்கு இருமல் வந்தது. எவ்வளவு காலமாக என்று கேட்டார். வருடக் கணக்காக ஒரு வறட்டு இருமல் இருந்தது. கொத்தமல்லி, இஞ்சி அவித்துக் குடித்தேன், பாணி மருந்து குடித்தேன், நெஞ்சுப் படமும் எடுத்தேன், சளி இல்லை என்றார்கள். அவர் பைக்குள் இருந்த எனலபிரிலைக் காட்டினார். அந்த வகைப் பிறஷர் குளிசை சிலருக்கு இப்படி வறட்டு இருமலைத் தரும். கண் திறந்திருக்கும்போது மேசையில் இருமினால் கண்ணுக்குள் அழுத்தம் திடீரென ஏறும், தலை அசையும். கிளினிக் டொக்டருக்கு ஒரு கடிதம் எழுதித் தந்தார். அங்கே எனலபிரிலை மாற்றி லொசாட்டன் தந்தார்கள். சில கிழமைக்குள் இருமல் போய்விட்டது. கண்ணைக் காட்டப் போய் அத்தனை வருட இருமல் தீர்ந்தது. இன்றைக்கும் அந்த இளம் டொக்டரை நினைத்து நன்றி சொல்கிறேன்.

சீனிதான் அதிகம் சோதித்தது. அளவு கூடியிருந்தபடியால் ஒபரேசனுக்குத் திகதி தரவில்லை. சீனி கூடினால் காயம் ஆறச் சுணங்கும், தொற்று வரவும் வாய்ப்புக் கூடும். அதோடு சீனி ஏறி இறங்கும்போது வில்லையே ஊதிச் சுருங்கும், பார்வை எண் நாளுக்கு நாள் மாறும். விழித்திரையில் இரத்தக் கசிவு இருக்கிறதா என்றும் முதலில் பார்த்தார்கள். இருந்தால் முன்பு அதற்குத்தான் வைத்தியம். எனக்கு இருக்கவில்லை. இரவில் சோற்றை விட்டுக் குரக்கன் பிட்டு சாப்பிட்டேன், தேத்தண்ணியில் சீனி இல்லை, விடிய மரைன் டிரைவில் நடை. பம்பலப்பிட்டிக் கோயிலில் மோதகம் தந்தால் கண்ணில் ஒற்றிப் பேரப்பிள்ளையிடம் கொடுத்தேன். சுலபமாக இருக்கவில்லை. ஆனால் "திகதி வேணும்" என்ற ஒரு காரணம் கையில் இருந்ததால் முடிந்தது. வெறுமனே "சீனியைக் குறையுங்கோ" என்று எத்தனையோ வருடம் கேட்டும் செய்யாததை அந்தக் காரணம் செய்ய வைத்தது.

பிறகு கண்ணை அளந்தார்கள். வலி இல்லை, வெளிச்சத்தைப் பார்த்தபடி அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கண்ணின் நீளம் பொதுவாக 24 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். அதில் 1 மில்லிமீற்றர் பிழைத்தாலே கண்ணாடி எண் இரண்டரை வரை பிழைத்துவிடும். அதனால் திரும்பத் திரும்ப அளந்தால் சலிக்காதீர்கள். வைக்கப் போகும் வில்லைக்கு ஒரே தூரம்தான் தெளிவு. தூரமா, கிட்டவா என்று நீங்கள் சொல்ல வேண்டும். நான் தூரத்தைத் தெரிந்தேன். வீதியைக் கடப்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது, வீரகேசரி வாசிக்கக் கண்ணாடி போட்டுப் பழகிய ஆள் நான். நாள் முழுக்கத் தையலிலோ எழுத்திலோ இருப்பவர் வேறு மாதிரி முடிவெடுக்கலாம். வீட்டில் கதைத்து முடிவோடு போங்கள், அங்கே நின்று யோசிக்க நேரம் வராது.

ஒபரேசன் அன்று விட்டு விட்டுத் துளிமருந்து விட்டார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் ஒரு ஊசி போட்டார்கள், அதுதான் கொஞ்சம் வலித்தது. முகத்தைத் துணியால் மூடி, மூச்சு முட்டாமல் இருக்கக் குழாயால் காற்று விட்டார்கள். கத்தி எதுவும் தெரியவில்லை, வெளிச்சமும் நிறங்களும் நகர்வதுதான் தெரிந்தது. 2 முதல் 3 மில்லிமீற்றர் வெட்டு ஒன்றின் வழியாகப் பழைய வில்லையை ஒலியலையால் நொறுக்கி உறிஞ்சி எடுத்து, மடித்த புது வில்லையை உள்ளே விரிய விடுகிறார்கள். உலகப் போரில் விமானிகளின் கண்ணுக்குள் தைத்த பிளாஸ்ரிக் துண்டுகள் கண்ணை உறுத்தாமல் இருந்ததைக் கவனித்து, 1949இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி என்ற வைத்தியர் முதன்முதலில் கண்ணுக்குள் செயற்கை வில்லை வைத்தார். அதற்கு முன் புரை எடுத்தவர்கள் சோடாப் போத்தல் அடிபோன்ற கனத்த கண்ணாடியோடு வாழ்ந்தார்கள். என் தாத்தாவும் அப்படித்தான். நடுவில் டொக்டர் சிங்களத்தில் "ஹரி, ஹரி, ஹொந்தய்" (சரி, சரி, நல்லது) என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தக் குரல் எனக்குப் பெரிய துணை.

வீட்டுக்கு வந்தபின்தான் எங்கள் வேலை தொடங்கியது. கிருமிக்கு ஒரு துளிமருந்து, வீக்கத்துக்கு ஒரு ஸ்ரெரோயிட் துளிமருந்து. 2023இல் நுவரெலியாவில் கண்புரை ஒபரேசனுக்குப் பிறகு போட்ட துளிமருந்தால் பலருக்குப் பார்வை பாதிக்கப்பட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் வீட்டிலும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் பயந்து மருந்தை விட்டால் கண் உள்ளே வீங்கும். அதனால் விடாமல் போட்டோம், கவனத்தோடு போட்டோம். ஒவ்வொரு போத்தலிலும் பெயர், காலாவதித் திகதி, முத்திரை எல்லாவற்றையும் மகன் பார்த்து, திறந்த திகதியைப் போத்தலில் எழுதினான். கை கழுவாமல் தொடவில்லை, நுனி இமையில் படவிடவில்லை. ஒரு மருந்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 5 நிமிடம். ஸ்ரெரோயிட் மருந்தைக் குலுக்கி விட வேண்டும், அதை டொக்டர் சொல்லும் கணக்கில்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கூடுதல் நாள் போட்டால் கண்ணழுத்தம் ஏறலாம். என் மனைவிக்கு விரல் மூட்டு வாதம், போத்தலை அமத்த இயலாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வேலைக்குப் போக முதலும் வந்த பிறகும் விட்டாள், மத்தியானத்தில் மகன். யார் எப்போது விடுவது என்பதை ஒபரேசனுக்கு முன்பே பேசி வையுங்கள். தனியாக இருப்பவர்களுக்கு இதுதான் உண்மையான சிக்கல்.

வலி கூடினாலோ, சிவந்தாலோ, தெளிந்த பார்வை திரும்ப மங்கினாலோ, மின்னல் போல் ஒளி தெரிந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே போய்விட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த வரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினோம்.

நம் வீடுகளுக்கு உரிய சில விசயங்களை ஆஸ்பத்திரியில் தரும் தாளில் எழுதியிருக்கமாட்டார்கள். நெற்றியில் திருநீறு பூசினால் தூள் கண்ணுக்குள் கொட்டும். ஆறும்வரை நான் கழுத்திலும் மார்பிலும் மட்டும் பூசினேன். கோயிலில் விழுந்து கும்பிடக் கூடாது, நின்று கும்பிட்டேன். தலையில் தண்ணீர் ஊற்றிக் குளிக்கவில்லை. மிளகாய் வறுத்தால் நான் வெளியில் போய்விடுவேன். இரவில் தூக்கத்தில் கசக்காமல் இருக்கப் பிளாஸ்ரிக் மூடியை ஒட்டிக்கொண்டு படுத்தேன்.

மூடியைக் கழற்றிய காலையில் என் வெள்ளைச் சேட்டு வெள்ளையாகத் தெரிந்தது. இவ்வளவு காலம் அதைப் பழுப்பு என்று நினைத்திருக்கிறேன். கடல் நீலத்தைப் பார்த்து அழுதேன். மஞ்சளாகிப்போன பழைய வில்லை நீலத்தை உள்ளே விடாது என்று பிறகு அறிந்தேன்.

ஆனால் ஒரு கண் தெளிந்து மறு கண் மங்கலாக இருக்கும் காலம் ஆபத்தானது. பழைய கண்ணாடி புதுக் கண்ணுக்குப் பொருந்தாது, புதுக் கண்ணாடிக்கு எண் நிலைக்கச் சில கிழமை ஆகும். அந்த இடைவெளியில் படியின் ஆழம் சரியாகத் தெரியாது. எங்கள் மாடியில் லிப்ற் பல நாள் வேலை செய்யாது. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினேன். கண்ணாடிக் கடையில் சொன்னால் ஒபரேசன் செய்த பக்கத்துக் கண்ணாடியை மட்டும் கழற்றித் தருவார்கள், எனக்கு அது உதவியது. அந்த வயதில் விழுந்து இடுப்பு முறிந்தால் கண் தெளிந்தும் பயனில்லை.

இப்போது என் குளிசைகளின் பெயர், அளவு, எழுதியவர், எதற்கு என்று மகன் ஒரே தாளில் தட்டச்சு செய்து தந்திருக்கிறான். அடியில் "வலது கண்ணில் வில்லை வைத்தது, ரம்சுலோசின் பாவிப்பவர், எனலபிரில் இருமல் தரும்" என்று இருக்கிறது. ஒரு பிரதி சீனிக் கிளினிக் கொப்பியில், ஒன்று சனல் டொக்டரிடம், ஒன்று பணப்பையில். வருகிற மாதம் இடது கண்ணை அளக்கப் போகிறேன். குரக்கன் பிட்டு இன்னும் தொடர்கிறது.