கர்ணம் சேராத மூலை

டிப்ளமோ முடித்த கையோடு கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு சைட்டில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். முதல் வேலை, 20 அடிக்கு 30 அடியில் ஒரு வீட்டுக்குக் கடைக்கால் குறிப்பது. காகிதத்தில் செங்கோண முக்கோணம் வரைவது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அரைவட்டம் போட்டு, விட்டத்தின் இரு முனைகளையும் வில்லில் ஏதோ ஒரு புள்ளியோடு சேர்த்தால் முடிந்தது, அங்கே 90 பாகை. மண்ணில் காம்பஸுக்கு எங்கே போவது?

மேஸ்திரி வருவதற்குள் முடித்துக் காட்டிவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. போனில் சார்ஜ் இல்லை. தாத்தா சொல்லித் தந்த பழைய கணக்கு நினைவுக்கு வந்தது: நீளத்தில் எட்டில் ஒரு பங்கைக் கழி, அகலத்தில் பாதியைக் கூட்டு, கர்ணம், அதாவது மூலைக்கு மூலை குறுக்கு நீளம், கிடைக்கும். 26¼-ம் 10-ம் சேர்ந்து 36 அடி 3 அங்குலம். முளைக்குச்சி அடித்து, நூல் கட்டி, சுண்ணாம்புப் பொடியும் தூவியாயிற்று.

மேஸ்திரி வந்தார். ஒன்றும் பேசாமல் டேப்பின் நுனியைக் கொடுத்து என்னை எதிர் மூலைக்கு அனுப்பினார். ஒரு கர்ணம் 36 அடி 3 அங்குலம். மற்றது 35 அடி 10 அங்குலச் சொச்சம்.

"தம்பி, வீடு கொஞ்சம் சாஞ்சு படுத்திருக்குதுங்" என்றார். கம்பி கட்டுபவர் மலையாளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். நல்லவேளை, எனக்கு அப்போது பாதிதான் புரியும்.

தாத்தா கணக்கு 3, 4-க்கு 5 என்று அச்சாக வரும். 30, 40-க்கும் 50. 20, 30-க்கு வேண்டியதோ 36 அடி முக்கால் அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. நான் இரண்டேகால் அங்குலத்துக்கு மேல் நீட்டியிருந்தேன்.

அப்புறம் மேஸ்திரி குறித்தார். மூலை முளையிலிருந்து ஒரு நூலில் 9 அடி, மற்றதில் 12 அடி, குறுக்கே 15. ஏன் 3, 4, 5 இல்லை என்று கேட்டேன். சின்ன முக்கோணத்தில் கர்ணம் கால் அங்குலம் பிசகினால் 30 அடி தள்ளி 3 அங்குலம் விலகிவிடும்; பெரியதில் ஓர் அங்குலத்தோடு போகும். அலகு எதுவானாலும் சரி, ஆசாரி 72 செ.மீ. கோலில் அளந்தாலும் அதே மூலைதான்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் டேப் வில்லாக வளைந்தது. அதைத் தரையோடு தாழ்த்தி இழுத்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, காற்று அடங்கும்வரை பீடியோடு குத்தவைத்திருந்தார். பிறகு அளந்ததில் இரண்டு கர்ணமும் ஒன்றாக நின்றன.

என் பழைய சுண்ணாம்புக் கோட்டைத் துடைப்பத்தால் பெருக்கினேன். கடைக்காலுக்குப் பள்ளம் தோண்டும்வரை அது அவருடைய கோட்டுக்குப் பக்கத்திலேயே வெளுப்பாகக் கிடந்தது.