முத்திரை விழாமல் எல்லையைத் தாண்டாதீர்கள்

எங்கள் ஏ.டி.ஏ. கார்னேக்காகக் கட்டிய பிணைத்தொகை இந்த வாரம் ஒருவழியாகத் திரும்பி வந்துவிட்டது. இசைக்கருவிகளை வரி கட்டாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர உதவும் சுங்க ஆவணம்தான் கார்னே. ஐரோப்பாவில் கடைசி நிகழ்ச்சி முடிந்து மாதங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் அந்தப் பணம் கைக்கு வரும்வரை பயணம் முடிந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. ராக் இசைக்குழு ஒன்றில் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். தனி மேலாளர் இல்லாத குழு என்பதால் காகித வேலை முழுவதும் என்னிடம் வந்து சேர்ந்தது. மேடையைப் பற்றியும் ரசிகர்களைப் பற்றியும் எங்கள் பாடகர் எழுதட்டும். முதல்முறையாக வெளிநாட்டுச் சுற்றுக்குக் கிளம்பும் குழுக்கள் எங்கே மாட்டிக்கொள்ளும் என்பதை நான் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு இதை யாரும் சொல்லவில்லை.

எங்கள் பாதை பிரிட்டனில் தொடங்கியது. பிறகு பிரான்ஸ், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, மீண்டும் ஜெர்மனி, கடைசியாக வியன்னா.

முதல் அடி விசாவில் விழுந்தது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, அதிக நாள் தங்கப்போகும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம அளவு தங்கினால்தான் முதலில் நுழையும் நாடு என்ற கணக்கு வரும். எங்கள் பட்டியலில் ஜெர்மனிக்குத்தான் நாட்கள் அதிகம். அப்படியிருந்தும், விண்ணப்ப மையத்துக்குத் தொலைபேசியில் கேட்டபோது, “முதலில் எங்கே இறங்குகிறீர்களோ அந்த நாட்டில் கொடுங்கள்” என்று அடித்துச் சொன்னார்கள். பிரான்ஸ் கவுன்ட்டரில் போய் உட்கார்ந்தோம். அங்கிருந்த பெண் பேனா முனையால் ஒவ்வொரு இரவாக எண்ணிப் பார்த்துவிட்டு, கோப்பைத் திருப்பித் தள்ளினார். அவர் மீது குற்றமில்லை, சட்டப்படிதான் செய்தார். தவறான பதில் சொன்னவர்கள் மீதுதான் எனக்கு இன்னும் ஆறாத கோபம். ஜெர்மனிக்கு அடுத்த அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதற்குள் டிரம்மர் நம்பிக்கையே இழந்துவிட்டார். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பத்தைக் கொடுக்கலாம். அந்த அவகாசத்தைக் கடைசிவரை இழுத்தடிக்காதீர்கள். ஊர்ப்பட்டியல் உறுதியாகும் முன் அப்பாயின்ட்மென்ட் வாங்கவும் வேண்டாம். ஒரு நிகழ்ச்சி கூடினால்கூட எந்த நாடு என்ற கணக்கே மாறிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஷெங்கன் விசா கையில் இருந்துவிட்டால் எங்கும் சம்பளத்துக்கு வாசிக்கலாம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வேலை அனுமதி வேண்டுமா வேண்டாமா என்பது ஒவ்வொரு நாட்டின் தனிச் சட்டம். ஒவ்வொரு ஏற்பாட்டாளரிடமும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரிட்டன் விசா சிக்கலில்லாமல் வந்தது. 2024 ஜனவரி 31 முதல் அங்கே சாதாரண வருகையாளர் விசாவிலேயே, முன்கூட்டி அழைப்பு பெற்ற கலைஞர்கள் முதல் 30 நாட்களுக்குள் ஊதியம் வாங்கிக்கொண்டு வாசிக்கலாம்.

மனிதர்கள் போவது இவ்வளவுதான். கருவிகளைக் கொண்டுபோவதுதான் உண்மையான போராட்டம்.

கார்னேயைப் பற்றி ஒன்றை நினைவில் வையுங்கள். பச்சை அட்டைக்குள் மஞ்சள் தாள்கள் நம் நாட்டை விட்டு வெளியேறவும் திரும்பி வரவும், வெள்ளைத் தாள்கள் அயல்நாட்டில் நுழையவும் வெளியேறவும், நீலத் தாள்கள் ஒரு நாட்டைக் கடந்து செல்லவும். கார்னே ஓராண்டு வரை செல்லும். ஒருமுறை வழங்கிவிட்டால் பட்டியலில் ஒரு கேபிளைக்கூடச் சேர்க்க முடியாது.

கார்னே வழங்கும் அலுவலகத்தில் எங்களுக்கு வெள்ளைத் தாள்களில் மூன்று ஜோடி மட்டும் வைத்துக் கட்டியிருந்தார்கள். பிரிட்டனுக்கு ஒன்று, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு ஒன்று, சுவிட்சர்லாந்துக்கு ஒன்று. “ஒன்றியம் முழுவதும் ஒரே சுங்கப் பகுதிதானே, ஒருமுறை போதும்” என்றார் அந்த எழுத்தர். ஒரே சுங்கப் பகுதி என்பது சரி. ஆனால் நாங்கள் அதற்குள் நுழைந்து, வெளியேறி, சுவிட்சர்லாந்து போய்விட்டு, மறுபடியும் நுழைகிறோம். ஒன்றியத்துக்கு மட்டுமே இரண்டு ஜோடி வேண்டும். ஒரு வெற்றுத் தாளில் கோடு போட்டு ஒவ்வோர் எல்லையையும் வரைந்து காட்டியபிறகுதான் தலையசைத்தார். அத்தோடு, என் பேஸ் கிட்டாரின் வரிசை எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறி அச்சாகியிருந்தன. “இதையெல்லாம் யார் பார்க்கப்போகிறார்கள்” என்றார். கார்னேயைக் கையில் வாங்க மறுத்து அங்கேயே நின்றேன். வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அது நம் பிழையாகிவிடும். மாலைக்குள் புதிதாக அச்சடித்துக் கொடுத்தார்கள். அப்படி நின்றது எவ்வளவு நல்லதாகப் போயிற்று என்பது புறப்படும் நாளிலேயே தெரிந்தது. விமான நிலையச் சுங்க அதிகாரி டார்ச் அடித்து கிட்டாரின் பின்பக்கத்தில் இருந்த எண்ணை ஒவ்வோர் இலக்கமாகப் படித்துத் தாளோடு ஒப்பிட்டார்.

பாடகரின் பழைய அக்கூஸ்டிக் கிட்டாரை வீட்டிலேயே விட்டுவிட்டோம். அதன் பின்பலகை பிரேசிலிய ரோஸ்வுட். அந்த மரம் 1992 முதல், அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் இணைப்புப் பட்டியலில் இருக்கிறது. தனிச் சான்றிதழ் இல்லாமல் அந்தக் கிட்டார் எல்லை தாண்ட முடியாது. மற்ற ரோஸ்வுட் வகைகளுக்கு 2017இல் வந்த கெடுபிடி, முழுமையாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019 நவம்பரில் தளர்ந்துவிட்டது. ஆகவே சாதாரண ரோஸ்வுட் ஃபிங்கர்போர்டுக்காக இப்போது பயப்பட வேண்டாம்.

பிரிட்டனை விட்டுக் கிளம்பும்போது நேராக டோவர் துறைமுகத்துக்குள் போய்விடாதீர்கள். கார்னே முத்திரைக்கு ஆஷ்ஃபோர்டு அருகே செவிங்டனில் உள்ள உள்நாட்டு எல்லை மையத்துக்குப் போக வேண்டும். அங்கே வரிசை இருந்தது, வேலை முடிந்தது. கடலைத் தாண்டி பிரான்ஸின் கலே துறைமுகத்திலும் அப்படியே. சுவிட்சர்லாந்துக்குள் போனது பகல் நேரத்தில் என்பதால் இரு பக்க முத்திரைகளும் அடுத்தடுத்து விழுந்தன.

வெளியே வரும்போதுதான் எல்லாம் தலைகீழானது.

சுவிட்சர்லாந்து ஷெங்கனில் இருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்கப் பகுதியில் இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். மனிதர்களை அந்த எல்லையில் பெரும்பாலும் யாரும் நிறுத்துவதில்லை. பஸ் ஓடிக்கொண்டே இருக்கும், படுக்கையில் தூங்கிக்கொண்டே நாடு மாறிவிடலாம். பின்னால் டிரெய்லரில் வரும் கிட்டாரும் டிரம்ஸும் அப்படி மாற முடியாது. கச்சேரி முடிந்து, நள்ளிரவில் நாங்கள் வந்து சேர்ந்த சாவடியில் சரக்கு அலுவலகம் பூட்டியிருந்தது. பயணியர் வழியில் நின்ற காவலர் கையை வீசி, போங்கள் போங்கள் என்றார். கார்னேயைத் தூக்கிக் காட்டினேன். அது தன் வேலை இல்லை, காலையில்தான் ஆள் வருவார், வேண்டுமானால் போய்விட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். அடுத்த ஊர் ஏற்பாட்டாளரும் தொலைபேசியில் அதையே சொன்னார்.

பிறகு பார்த்துக்கொள்வது என்று ஒன்று கிடையாது. வெளியேறும் முத்திரை இல்லையென்றால், அந்த நாட்டின் கணக்கில் நம் கருவிகள் இன்னும் உள்ளேயே இருக்கின்றன. அவற்றுக்கான வரியையும், அதற்குமேல் பத்து சதவீதம் வரையும், கார்னேக்குப் பிணை நின்ற அமைப்பிடம் கேட்பார்கள். அந்த அமைப்பு நம் பிணைத்தொகையில் கைவைக்கும். மறுக்க வேண்டுமானால் கருவிகள் வெளியேறியதற்கு ஆதாரத்தை ஆறு மாதத்துக்குள் காட்ட வேண்டும். அடுத்த நாட்டின் நுழைவு முத்திரையை ஆதாரமாகக் காட்ட வழி இருக்கிறதுதான். ஆனால் அந்த இரவில் எதிர்ப்புறச் சரக்கு ஜன்னலும் மூடியிருந்தது. தாண்டியிருந்தால் இரண்டு முத்திரையும் இல்லாமல் போயிருக்கும்.

பஸ்ஸை ஓரம் கட்டச் சொன்னேன். உள்ளே பெரிய வாக்குவாதம். சவுண்டு இன்ஜினியர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். “தம்பி சொல்வதுதான் சரி, நிற்போம்” என்று அவர் சொன்ன பிறகே அடங்கியது.

நிற்பதில் இன்னொரு சிக்கல் இருந்தது. ஐரோப்பாவில் ஓட்டுநரின் நேரத்தைச் சட்டம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை, பொதுவாக நாளொன்றுக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், தினமும் 11 மணி நேரம் தொடர் ஓய்வு. வாரத்தில் சில நாள் மட்டும் அந்த ஓய்வை 9 மணி நேரமாகக் குறைக்கலாம். எல்லாம் பஸ்ஸில் ஓட்டும் நேரத்தைக் குறிக்கும் டேக்கோகிராஃப் கருவியில் பதிவாகிவிடும். இரவே ஓட்டி முடிப்பதாக இருந்த தூரம் அப்படியே நின்றது. ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார், ஓய்வு தொடங்கியது. நடுவில் அவர் பஸ்ஸை நகர்த்தினால் அந்த ஓய்வு முறிந்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

காலையில் சரக்கு அலுவலகம் திறந்ததும் முதல் ஆளாகப் போய் நின்றேன். ஜன்னலில் இருந்தவர் கருவிகளைப் பார்க்க வேண்டும், டிரெய்லரைச் சோதனை மேடைக்குக் கொண்டு வாருங்கள் என்றார். ஓட்டுநரின் ஓய்வைச் சொன்னேன். அது உங்கள் பிரச்சினை என்றார். நீங்கள் டிரெய்லர் அருகில் வந்து பாருங்கள் என்று கேட்டேன், வரவில்லை. ஆகவே குழு முழுவதும் எழுந்து, பெட்டிகளைக் கையிலும் தோளிலும் சுமந்துகொண்டு அந்த வளாகத்தைக் கடந்தோம். சிம்பல் பெட்டி, ஸ்னேர், பெடல்போர்டு, கிட்டார்கள் எல்லாம் மேடையில் வரிசையாக வைத்தோம். அவர் பார்த்தது இரண்டே பெட்டிகள்.

பிறகு முத்திரை குத்தினார், வெள்ளைத் தாளைக் கிழித்துக்கொண்டார், கார்னேயைத் திருப்பிக் கொடுத்தார். ஜன்னலை விட்டு நகரும் முன் அடிக்கட்டையைப் பார்த்தேன். முத்திரை இருந்தது, தேதி இருந்தது. எந்தெந்தப் பொருட்கள் வெளியேறின என்று பட்டியல் எண்களை எழுதும் கட்டம் காலியாக இருந்தது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் முத்திரை எதைப் பற்றியது என்றே கேட்பார்கள். திருப்பி நீட்டினேன். பெருமூச்சு விட்டு எழுதிக் கொடுத்தார். கிழித்துப் போகும் தாள் அவர்களுக்கு, அடிக்கட்டைதான் நமக்கு. ஒவ்வொரு முத்திரைக்குப் பிறகும் அங்கேயே நின்று படியுங்கள், உடனே புகைப்படம் எடுத்து வையுங்கள். பின்னால் ஆள் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

ஜெர்மனிப் பக்க ஜன்னலில் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. நான் போராடி வாங்கிய அந்த நான்காவது ஜோடித் தாள் அங்கேதான் பயன்பட்டது. ஓட்டுநர் ஓய்வை முடித்துக் கிளம்பி அரங்கத்தை அடைந்தபோது சவுண்டு செக் நேரம் போய்விட்டது. ஒவ்வொரு கேபிளிலும் ஒலி வருகிறதா என்று லைன் செக் மட்டும் பார்த்துவிட்டு மேடையேறினோம். அன்று வாசித்ததுதான் இந்தப் பயணத்திலேயே எங்கள் சிறந்த வாசிப்பு என்று நான் முழு மனதோடு சொல்வேன்.

உதிரியாகச் சில விஷயங்கள். விற்பதற்கான டி-ஷர்ட்டும் இசைத்தட்டும் கார்னேயில் போகாது. திரும்பி வரும் பொருளுக்குத்தான் கார்னே. நாங்கள் டி-ஷர்ட்டை அங்கேயே அச்சடித்துக்கொண்டோம். கனமான ஆம்ப்ளிஃபயர்களை வாடகைக்கு எடுங்கள், எடையும் பட்டியலும் பாதியாகும். மாற்று லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், பெட்டியில் போட்டால் எடுத்துவிடுவார்கள். கார்னேயை யார் காட்டலாம் என்ற அதிகாரக் கடிதத்தில் ஒருவர் பெயரோடு நிறுத்தாதீர்கள். எனக்குக் காய்ச்சல் வந்த நாளில் சவுண்டு இன்ஜினியர் பெயர் அதில் இருந்ததால் பிழைத்தோம்.

கடைசியாக வரி. வெளிநாட்டுக் கலைஞரின் ஊதியத்தில், பெரும்பாலும் வாசித்த நாடே வரி பிடித்துக்கொள்ளும். ஜெர்மனியில் 15 சதவீதம், அந்த வரித்தொகையின் மேல் 5.5 சதவீதம் ஒருமைப்பாட்டு உபரி வரி, ஆக மொத்தம் 15.825 சதவீதம். பிடித்ததற்கான சான்றிதழை ஏற்பாட்டாளர் தந்தால்தான் நம் நாட்டு வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக் கேட்க முடியும். நிகழ்ச்சி முடிந்த இரவே கேட்டுவிடுங்கள், ஒப்பந்தத்திலேயே அதற்கு ஒரு வாக்கியம் எழுதி வாங்குங்கள். ஊர் திரும்பிய பிறகு கேட்டால் பதில் வருவதில்லை. ஓர் ஊரின் சான்றிதழ் எங்களுக்கு இன்னும் வரவில்லை. நேற்றும் ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன்.