சில்லுக்குள் எலும்பு: நெல்லை வெயிலில் ஜெல் நிரப்பும் வேலை

ஞானப்பல்லின் கூழிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்களைச் சில்லுக்குள் (நுண்ணிய வாய்க்கால்கள் கொண்ட சிறு ரப்பர்-கண்ணாடித் தட்டு) எலும்புச் செல்களாக்க முயல்பவர்கள், தோற்றதும் செல்களைத்தான் குறை சொல்வார்கள். பாளையங்கோட்டையில் வேலை செய்தால் வேறு கதை. செல் போகும் முன்பே சில்லைக் கெடுப்பவை வெயிலும் காற்றுக்குமிழியும்தான்.

அச்சு வார்ப்பில் சிரமம் குறைவு. ஸில்கார்ட் 184 என்ற சிலிக்கோன் ரப்பர் திரவம்: 30 கிராமுக்கு 3 கிராம் கடினப்படுத்தி. வாக்யூமில் அரை மணி நேரம் குமிழி நீக்கி, அச்சில் ஊற்றி, 70 டிகிரியில் 2 மணி நேரம் வைக்க வேண்டும். சித்திரையில் ஏசி இல்லாத அறையில் கலவை சீக்கிரமே கெட்டியாகும். கலக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. ஐப்பசி மழையில் ரப்பரோடு ஒட்ட வேண்டிய கண்ணாடி ஈரம் பிடிக்கும். சூடான தட்டில் உலர்த்திவிட்டுத்தான் ஆக்சிஜன் பிளாஸ்மா (பரப்பை ஒட்டத் தயாராக்கும் மின்னூட்டிய வாயு) காட்ட வேண்டும். காட்டிய கையோடு ஒட்டிவிட வேண்டும்.

ஆனால் ஒட்டியதும் செல்களைத் தாங்கும் ஜெல்லை ஊற்றக் கூடாது. பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். பிளாஸ்மா பட்ட சுவர் நீரை இழுக்கும். ஜெல் சில்லின் சிறு தூண்களுக்கிடையே நிற்காமல், வரப்பு உடைந்த வயல்போல ஊடகம் (செல்களுக்கு உணவாகும் திரவம்) ஓடும் வாய்க்காலுக்குள் பாய்ந்துவிடும். முதலில் மி.லிக்கு 1 மி.கி. பாலி-டி-லைசின் என்ற ஒட்டுப்பூச்சைப் பூசுங்கள், இது இல்லாவிட்டால் செல்கள் இழுக்க இழுக்க ஜெல் சுவரைவிட்டுக் கழன்றுவிடும். கழுவிய பின் 80 டிகிரி உலர்த்தும் அடுப்பில் ஒரு நாள் வையுங்கள். சுவர் மறுபடி நீரை ஒதுக்கும், 100 மைக்ரோமீட்டர் இடைவெளியில் ஜெல் நிற்கும்.

ஜெல்லாகும் புரதமான கொலாஜன் மி.லிக்கு 2.5 மி.கி. ஐஸ் மேலேயே சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து பிஎச் 7.4க்குக் கொண்டுவந்து, மி.லிக்கு 10 லட்சம் செல்கள் கலக்கிறோம். பிப்பெட் டிப்பும் குழாயும் முன்பே குளிர்ந்திருக்க வேண்டும். 35 டிகிரி அறையில் டிப்புக்குள்ளேயே ஜெல் உறையத் தொடங்கும். நிரப்பியதும் ஈரப்பெட்டியில் 37 டிகிரி, அரை மணி நேரம். முதல் சில நிமிடங்கள் சில்லைப் புரட்டிக்கொண்டே இருந்தால் செல்கள் அடியில் படியாது.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த ஊடகத்தை நேரே பம்பில் ஏற்றினால், சூடேறும்போது அதில் கரைந்த காற்று குமிழியாகும். ஒரு குமிழி கடந்தாலே செல்கள் கிழியும். மூடியைத் தளர்த்தி இரவெல்லாம் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் வையுங்கள். வாக்யூம் போட்டால் கார்பன் டை ஆக்சைடும் போய் பிஎச் ஏறிவிடும். 1 மி.மீ. அகலம், 0.2 மி.மீ. உயரமுள்ள வாய்க்காலில் நிமிடத்துக்கு 30 மைக்ரோலிட்டர் ஓட்டினால் சுவரில் உராய்வழுத்தம் ஏறக்குறைய 0.05 பாஸ்கல், உயரத்தைப் பாதியாக்கினால் நான்கு மடங்கு. பம்புக்கும் யுபிஎஸ் வேண்டும். மின்சாரம் போனால் ஓட்டம் நிற்கும்.

எலும்பாக்கும் ஊடகத்தில் டெக்ஸாமெத்தசோன் 100 நானோமோலார், அஸ்கார்பிக் அமிலம் மி.லிக்கு 50 மைக்ரோகிராம், பீட்டா கிளிசரோபாஸ்பேட் 10 மில்லிமோலார். 21ஆம் நாள் கால்சியத்தைக் காட்டும் சாயமான அலிசரின் சிவப்பு ஏறினாலே எலும்பு என்று மகிழ வேண்டாம். கிளிசரோபாஸ்பேட்டிலிருந்து கால்சியம் பாஸ்பேட் தானாகவும் படியும், கொலாஜனும் சாயம் பிடிக்கும். செல் இல்லாத சில்லு ஒன்றையும் சாதாரண ஊடகம் ஓடிய சில்லு ஒன்றையும் கூடவே சாயமேற்றி ஒப்பிடுங்கள்.