கனசதுரத்தில் காணாமல் போன ஆறாவது வளையம்

மூலக்கூறைக் கோட்டுருவாக எடுத்துக்கொண்டு, அதிலுள்ள வளையங்களைக் கண்டுபிடிக்கும் நிரலை ஆயத்த நூலகம் எதையும் தொடாமல் பைத்தானில் எழுதிப் பார்க்கிறேன். மூன்று வாரமாகிறது. அணு ஒரு முனை, பிணைப்பு ஒரு விளிம்பு. ஹைட்ரஜன்களை விட்டுவிட்டேன்.

எத்தனை வளையம் என்று சொல்ல நிரலே வேண்டாம். பிணைப்புகளில் அணுக்களைக் கழித்து ஒன்றைக் கூட்டினால் போதும். பீரோவில் போடும் அந்துருண்டை, அதாவது நாப்தலீன்: 11 − 10 + 1 = 2. எந்த இரண்டு என்பதில்தான் வம்பு.

முதலில் ஆழம் முதல் தேடல்: ஒரே வழியில் முட்டும் வரை போய், பிறகு திரும்பி வேறு வழி பார்ப்பது. போகிற வழியில் ஏற்கெனவே மிதித்த அணு மறுபடி வந்தால் ஒரு வளையம். நாப்தலீனுக்கு 6, 10 என்று வந்தது. அந்த 10, இரண்டு அறுகோணங்களையும் சேர்த்துச் சுற்றும் வெளிவேலி. கணக்கில் தப்பில்லை, ஆனால் வேதியியல் படித்தவர் யாரிடமும் காட்ட முடியாது.

அப்புறம் 1987-இல் ஹார்ட்டன் சொன்ன வழிக்கு வந்தேன். ஓர் அணு, ஒரு பிணைப்பு. அந்த அணுவிலிருந்து பிணைப்பின் இரு முனைக்கும் மிகக் குறுகிய வழி. மூன்றும் சேர்ந்து ஒரு வளையம் ஆனால் அது வேட்பாளர். எல்லா ஜோடிக்கும் இப்படிச் செய்து, சிறியதிலிருந்து வரிசைப்படுத்தி, ஏற்கெனவே எடுத்தவற்றைக் கலந்து கிடைக்கக்கூடியதைத் தள்ளிவிட வேண்டும். கலப்பதற்கு எக்ஸார் (XOR): இரண்டிலும் இருக்கும் பிணைப்பு நீங்கும், ஒன்றில் மட்டும் இருப்பது நிற்கும். பிணைப்புக்கு ஒரு பிட் கொடுத்துவிட்டால் வளையம் என்பது வெறும் ஒரு முழு எண். இரண்டு அறுகோணங்களை எக்ஸார் செய்ததும் நடுப் பிணைப்பு மறைந்து வெளிவேலி அப்படியே வந்து நின்றது. அதைத் திரையில் பார்த்தபோது கிடைத்த சந்தோஷம் தனி.

சந்தோஷம் கியூபேன் வரைக்கும்தான். 1964-இல் ஈட்டனும் கோலும் தயாரித்த கனசதுர மூலக்கூறு: 8 கார்பன், 12 பிணைப்பு. 12 − 8 + 1 = 5. கனசதுரத்துக்கு ஆறு முகம் ஆயிற்றே! என் நிரலில் பிழை என்று ஒரு ராத்திரி முழுக்கத் தேடினேன். பிழையே இல்லை. ஒவ்வொரு பிணைப்பும் இரண்டு முகங்களில் இருப்பதால், ஐந்து முகங்களை எக்ஸார் செய்தால் ஆறாவது வந்துவிடுகிறது. அணுக்களின் எண்களை மாற்றிப் போட்டால் வேறொரு முகம் காணாமல் போகிறது. எட்டுக் கார்பனும் ஒரே மாதிரி இருக்க, நாலு கார்பன் மூன்று வளையத்திலும் நாலு கார்பன் இரண்டிலும் இருப்பதாக நிரல் சொல்கிறது. எனக்கு இது ஒப்பவில்லை.

விஸ்மாரா 1997-இல் தந்த வரையறை கைகொடுத்தது: தன்னைவிடச் சிறிய வளையங்களால் மட்டும் உருவாக்க முடியாத எல்லாவற்றையும் வைத்துக்கொள். ஒரே அளவுள்ளவை ஒன்றையொன்று தள்ளக் கூடாது, அவ்வளவுதான். நான்கு வரி மாற்றம். கியூபேனுக்கு 6 வந்தது. 60 கார்பன் பந்துக்கு முன்பு 31, இப்போது 12 ஐங்கோணமும் 20 அறுகோணமுமாக 32.

இப்போது மாட்டிக்கொண்டிருப்பது மூன்று பென்சீன்களை இரண்டிரண்டு கார்பன் பாலங்களால் எதிரெதிர் முனைகளில் கோத்த பாராசைக்ளோஃபேனில். பெரிய வளையம் ஒவ்வொரு பென்சீனையும் இருபக்கமாகவும் கடக்கலாம். ஆக 18 அணு வளையங்கள் 8 இருக்க வேண்டும். எனக்கு 4 மட்டுமே வருகிறது. ஓர் அணுவிலிருந்து இன்னொன்றுக்குச் சம தூரத்தில் இரண்டு வழி இருந்தாலும் என் நிரல் ஒன்றைத்தான் நினைவில் வைக்கிறது. எல்லாச் சம வழிகளையும் வைக்கும்படி வரும் சனிக்கிழமை திருத்த வேண்டும். இப்படிக் கோத்த பென்சீன் ஒன்று கூடும்போதெல்லாம் பெரிய வளையங்கள் இரட்டிக்கும் என்பதால், பத்துப் பென்சீனுக்கு மேல் எதையும் கொடுப்பதாக இல்லை.