பழைய வினாத்தாளில் கிராஜுவேஷன் கணக்கு: குறி பார்த்துப் போடுங்கள்

பிரிட்டனின் இன்ஸ்டிடியூட் அண்ட் ஃபேகல்டி ஆஃப் ஆக்சுவரீஸ் (காப்பீட்டுக் கணிப்பாளர்களின் தொழில் அமைப்பு) நடத்தும் தேர்வில் சிஎஸ்2 என்ற புள்ளியியல் தாள் 2019-இல் வந்தது. அதற்கு முன், 2005 முதல் 2018 வரை நடந்த சிடி4 தாள்களைப் பழசு என்று ஒதுக்க வேண்டாம். கிராஜுவேஷன், அதாவது வயதுவாரி இறப்பு விகிதங்களைச் சீராக்கும் பகுதிக்கு அவைதான் நல்ல தீனி. கையால் வளைகோடு வரையும் முறையை மட்டும் தாண்டிவிடுங்கள். அதன் இடத்துக்கு ஸ்ப்லைன் (துண்டு துண்டாக இணைத்த வழவழப்பான வளைகோடு) வந்துவிட்டது. சீராக்கிய விகிதம் தரவோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனைகள் மாறவில்லை.

பலர் கை-வர்க்கச் (chi-square) சோதனையைப் போட்டு, விடை ஒத்துப்போனதும் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். அங்கேதான் சறுக்கல். ஏற்கெனவே வெளியான நிலையான இறப்பு அட்டவணையோடு தரவை ஒப்பிடும் கணக்கு ஒன்று, பத்து வயதுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரப்படுத்திய விலக்கம் (நடந்த இறப்புக்கும் எதிர்பார்த்த இறப்புக்கும் உள்ள வித்தியாசத்தை அதன் திட்ட விலக்கத்தால் வகுத்தது) முதல் ஆறு வயதுக்கு +0.8, கடைசி நான்குக்கு −0.8. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 6.4. டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (கட்டின்றி மாறக்கூடிய மதிப்புகளின் எண்ணிக்கை) 10, 5% எல்லை 18.31. தாராளமாகத் தேறுகிறது. பத்தில் ஆறு பிளஸ், ஏறக்குறையப் பாதி என்பதால் பிளஸ், மைனஸ் எண்ணிக்கையைப் பார்க்கும் குறிச் சோதனையும் தேறும்.

இப்போது குறிகளின் தொகுப்பை, அதாவது பிளஸ்கள் எத்தனை தொடராகப் பிரிந்து நிற்கின்றன என்பதைப் பாருங்கள். ஆறு பிளஸ், நான்கு மைனஸ் அமரும் வழிகள் 210. பிளஸ்கள் எல்லாம் ஒரே தொடராக அமர 5 வழிதான். 5/210 = 0.024. தோல்வி! அட்டவணை இளவயதில் இறப்பைக் குறைத்தும் முதுவயதில் கூட்டியும் சொல்கிறது. அதாவது வடிவமே பொருந்தவில்லை. இந்த ஒரு வரியை எழுதாமல் 'நிராகரிக்கிறோம்' என்று மட்டும் முடித்தால் பாதி விடைதான். இது ஒருபக்கச் சோதனை என்பதும் நினைவிருக்கட்டும்: தொகுப்புகள் குறைவாக இருந்தால்தான் சிக்கல்.

இதே தரவுக்குக் கோம்பர்ட்ஸ் சூத்திரத்தை (வயதோடு இறப்பு விகிதம் அடுக்குக்குறியாக ஏறும் சூத்திரம்) பொருத்தியிருந்தால், தரவிலிருந்து கணித்த இரண்டு பராமீட்டர் போய் டிகிரி 8, எல்லை 15.51. அட்டவணையைத் தழுவிச் சீராக்கியிருந்தால், அந்த அட்டவணையைத் தேர்ந்ததற்காகவும் கொஞ்சம் குறைக்க வேண்டும். எவ்வளவு என்பதற்குக் கறாரான விதி இல்லை, காரணத்தை எழுதுங்கள். எதிர்பார்த்த இறப்பு 5-க்குக் கீழே இருக்கும் வயதுகளைச் சேர்த்த பிறகு, டிகிரியைப் பழைய எண்ணிக்கையிலேயே விட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு.

தரவில் இருப்பது மைய வெளிப்பாடா (கவனிப்பில் உயிரோடு கழிந்த மொத்தக் காலம்), தொடக்க வெளிப்பாடா (வயதின் தொடக்கத்தில் இருந்தவர்கள்) என்று முதலில் அடிக்கோடிடுங்கள். மையம் என்றால் விலக்கத்தை வகுப்பது எதிர்பார்த்த இறப்பின் வர்க்கமூலத்தால். தொடக்கம் என்றால், வர்க்கமூலத்துக்குள் (1 − இறப்பு நிகழ்தகவு) பெருக்கலும் உண்டு. இளவயதில் வித்தியாசம் தெரியாது, 80-ஐத் தாண்டினால் நன்றாகவே தெரியும்.

சீராக்கிய விகிதங்களின் வழவழப்புக்கு மூன்றாம் வேறுபாடுகள் (அடுத்தடுத்த மதிப்புகளின் வித்தியாசத்தை மூன்று முறை எடுத்தவை) போதும். சில பராமீட்டர் மட்டுமே உள்ள சூத்திரத்துக்கு அதைச் சோதிப்பது நேர விரயம், அது தானாகவே வழவழப்பாக வரும்.

கணினித் தாளுக்கு 2019-க்கு முந்தைய வினாக்கள் இல்லையே என்றால், சிடி4 அட்டவணை ஒன்றை அப்படியே ஆர் மென்பொருளில் ஏற்றி, கையால் போட்ட விடையை அங்கேயும் வரவழையுங்கள்.