ஆளுக்கு ஐயாயிரம், அதற்கு மேல் வேண்டாம்

மக்களிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டி எடுக்கப்போகும் எங்கள் படத்துக்கு ஒருவரிடமிருந்து ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் வாங்குவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். "தர்றேன்னு வர்ற காசை யாராவது வேண்டாம்பாங்களா அம்மணி?" என்று பார்க்கிறவர்களெல்லாம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதி வைத்துவிடுகிறேன்.

முதலில் கதை. எதிரெதிர்க் கட்சிக் குடும்பங்களின் பையனும் பெண்ணும் காதலிக்கும் நகைச்சுவைப் படம். வாக்குப்பதிவு நாள், சோமனூர்ப் பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கூடம், காலை ஐந்தரை மணி. ஏழு மணிக்கு ஓட்டுப்பதிவு தொடங்கும் முன் மாதிரி வாக்குப்பதிவு நடத்த வேண்டும். கட்சிகளின் பூத் ஏஜென்டுகள் முன்னிலையில் குறைந்தது 50 ஓட்டுப் போட்டு எண்ணிப் பார்ப்பார்கள். கணக்குச் சரியாக வந்ததும் அதையெல்லாம் இயந்திரத்திலிருந்து அழித்துவிட்டு, விவிபாட் பெட்டியில் விழுந்த ஒப்புகைச் சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டு மூடுவார்கள். அப்புறம் இயந்திரத்துக்குப் பச்சைத்தாள் முத்திரை. அதில் ஏஜென்டுகளும் கையெழுத்துப் போடலாம். விசைத்தறிக்காரர் மகள் ஒரு கட்சிக்கு ஏஜென்டாக வந்திருக்கிறாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக இருக்கும் பையன் எதிர்க்கட்சிக்கு. இரண்டு பேரும் அந்தச் சின்னப் பச்சைத் தாளில் ஒருவர் பெயருக்குக் கீழே ஒருவர் கையெழுத்துப் போடுகிறார்கள். உள்ளே கைப்பேசி கூடாது. சாயங்காலம் வரைக்கும் ஒரே பெஞ்சு, ஆளுக்கொரு வாக்காளர் பட்டியல். வேறு என்ன செய்வார்கள்? பேசத்தான் வேண்டும்.

இந்தக் காட்சி என் அத்தை கொடுத்தது. அத்தை பல தேர்தலில் பூத்தில் உட்கார்ந்தவர். "வெளிய கொடி கட்டறதுல அடிச்சுக்குவாங்க கண்ணு. உள்ள அப்படியெல்லாம் முடியாது. எங்களுக்குத் தக்காளிச் சோறு வரும், அவியளுக்கு பிரியாணி வரும். பொட்டலத்தப் பிரிச்சா பாதி அங்க, பாதி இங்க. கெழவி ஒருத்தி பேரு பட்டியல்ல கெடைக்கலீன்னா ரெண்டு பேருஞ் சேந்துதான் தேடுவோம்" என்பார். வேறு வேறு கட்சிக் குடும்பத்தார் காதலிக்கும் கதைகளில் எப்போதும் மேடையும் மைக்கும் சண்டையும்தான் வருகின்றன. அத்தை சொன்ன இந்தப் பெஞ்சை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

கதையை இங்கே வைத்ததற்கும் காரணம் உண்டு. 2021-ல் ஆட்சி திமுகவுக்குப் போனபோது கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அதிமுக கூட்டணியிடம் இருந்தன. மூன்றே வருடத்தில், 2024 மக்களவைத் தேர்தலில், கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு எல்லாமே திமுக கூட்டணிக்கு வந்தன. ஊர் அதேதான், வீடுகளும் அதேதான். ஒரே வீட்டுக்குள் அப்பா ஒன்று, அம்மா ஒன்று, காலேஜ் போகிற பையன் இன்னொன்று என்று குத்துகிற ஊர் இது. இப்படிப்பட்ட வீட்டுச் சாப்பாட்டு நேரத்தைவிட நல்ல நகைச்சுவை எங்கே கிடைக்கும்?

அடுத்து பணம். மொத்தம் 32 லட்சம் வேண்டும். கேமரா, லைட் வாடகை, படப்பிடிப்பு இடத்திலேயே ஒலிப்பதிவு, எடிட்டிங், வண்ணச் சீரமைப்பு, தணிக்கைச் செலவு, எல்லாவற்றையும்விட ஐம்பது பேருக்கு மூன்று வேளைச் சோறு. ஒரு ஆட்டுக்குட்டி நடிக்கிறது. அதற்கு விலங்குகள் நல வாரியத்தின் அனுமதியும் வாங்க வேண்டும், அதற்கும் செலவு.

இந்த 32 லட்சத்தை ஒருவரே தருவதாகச் சொன்னார். அன்னூர்ப் பக்கம் மில் வைத்திருப்பவர், நல்ல மனுசன். திரைக்கதையைப் படித்துவிட்டு மனம்விட்டுச் சிரித்தார். பிறகு இரண்டு விஷயம் கேட்டார். கடைசியில் பெண்ணின் அப்பா கட்சி மாறிப் பையன் வீட்டுக் கட்சிக்கு வந்துவிடுவதாக வைக்க வேண்டும். அது ஒன்று. இன்னொன்றைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பையனும் பொண்ணும் நம்மாளுகன்னு காட்டிரு சாமி, பிரச்சினையே இல்ல."

இரண்டாவதைத்தான் நான் ரொம்ப நாள் யோசித்தேன். கொங்கு நாட்டில் காதல் கதை எழுத உட்கார்ந்து, சாதியைப் பார்க்காமல் தாண்டிப் போகிறவர்களை எனக்குப் புரியவில்லை. 2016-ல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தின் அருகே சாதி மாறிக் கல்யாணம் செய்த சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றதை இங்கே யாரும் மறக்கவில்லை. நான் பார்த்த வரைக்கும், இரண்டு வீடும் ஒரே சாதி என்றால் கட்சி ஒரு தடையே இல்லை. முகூர்த்தத் தேதி குறித்த அன்றே கரைவேட்டியை மடித்து வைத்துவிட்டுப் பட்டு வேட்டியில் சம்பந்தி ஆகிவிடுவார்கள். சாதி வேறு என்றால்தான் "கட்சி வேற, ஒத்துவராதுங்க" என்ற பேச்சு வருகிறது. இரண்டு கட்சிக்காரர்களும் மேடையில் சமத்துவம் பேசியவர்கள், அதனால் மனதில் இருப்பதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. கட்சி அங்கே ஒரு போர்வை. என் படத்தின் இரண்டு அப்பாக்களும் படம் முழுக்க அந்தப் போர்வையை இழுத்து இழுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள், நாம் சிரிக்கிறோம். ஓரிடத்தில் அது நழுவும்போது தியேட்டரில் சிரிப்பு நிற்க வேண்டும். பையனும் பெண்ணும் "நம்மாளுக" என்று ஆகிவிட்டால் இந்தப் படம் இல்லை. அதனால் அவரிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சிறு தொகை யோசனை அதற்கப்புறம் வந்ததுதான். 1976-ல் குஜராத்தின் 5 லட்சம் பால் உற்பத்தியாளர்கள் தலைக்கு 2 ரூபாய் போட, ஷ்யாம் பெனகல் 'மந்தன்' எடுத்தார். பத்தே வருடத்தில் பக்கத்துக் கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் 'ஒடேசா' திரைப்படக் குழுத் தோழர்களும் ஊர் ஊராகப் போய் மக்களிடம் பணம் திரட்டி 'அம்ம அறியான்' எடுத்தார்கள். எங்கள் ஊர்ப் பால் சொசைட்டியில் மந்தன் கதையைச் சொன்னபோது, கேனோடு வரிசையில் நின்ற அம்மா ஒருவர், "அது எங்க சொசைட்டி மாதிரியே இருக்குதே" என்று இருபது ரூபாயை எடுத்து நீட்டினார். எங்கள் நோட்டில் முதல் வரி அதுதான்.

ஆனால் இங்கே காசு கேட்டுப் போவது லேசுப்பட்ட காரியமல்ல. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்புத் திட்டத்தில் போட்ட பணம் போனது எத்தனையோ வீட்டில் இன்னும் ஆறாத புண். "லாபத்துல பங்கு உண்டுங்களா?" என்று ஒருவர் கேட்பார். பக்கத்தில் நிற்பவர், "ஈமு கோழியிலயும் அப்படித்தான் சொன்னாங்க" என்பார். ஆகவே தெளிவாகச் சொல்கிறேன்: லாபத்தில் பங்கு கிடையாது, வட்டி கிடையாது. அப்படி ஊரறியச் சொல்லி வசூலிக்கச் சட்டமும் விடாது. தனிப்பட்ட முறையில் பங்கு தருவதென்றாலும் ஒரு நிறுவனம் ஒரு நிதியாண்டில் 200 பேரிடம்தான் கேட்கலாம், விளம்பரமும் செய்யக் கூடாது. வட்டி தருகிறேன் என்று பொதுமக்களிடம் வாங்கினால் ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்ய 2019-ல் வந்த சட்டம் பாயும். நீங்கள் தருவதற்குப் பதிலாகக் கிடைப்பது: முதல் காட்சிக்கு டிக்கெட், படத்தில் உங்கள் பெயர். 20 ரூபாய் தந்தவர் பெயரும் 5,000 தந்தவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில், அகரவரிசையில் வரும். பணம் என் சொந்தக் கணக்குக்கு வராது. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பாக வந்தால் மொத்தத்துக்கும் வரி கட்ட வேண்டும் என்று ஆடிட்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். படத்துக்கென்று பதிவு செய்த நிறுவனத்தின் கணக்கில்தான் வாங்குகிறோம்.

அவிநாசியில் ஒரு டீக்கடையில் பெரியவர் ஒருவர், இரட்டை இலைக்காரர், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எதுத்தாப்ல உக்காந்திருக்கானே, அவன் எவ்வளவு குடுத்தான்?" என்றார். ஐந்நூறு என்றேன். ஐந்நூற்றொன்று கொடுத்தார். மொய் எழுதுவதைப்போல ஊர்ப் பெயரோடு எழுதச் சொல்லி, எழுதி முடிக்கிற வரை நோட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு கேட்டார், "கடைசியில யாரு ஜெயிக்கறது?" கல்யாணம் நடக்குதுங்க என்றேன். "அப்பப் பத்திரிகையில யாரு படம் போடறது?"

படத்தின் பின்பாதி முழுக்க அந்தக் கேள்விதான். எந்தத் தலைவர் படம், வலது பக்கமா இடது பக்கமா, யார் தலைமை, யார் முன்னிலை, யாருக்கு வாழ்த்துரை. பையனின் அப்பாவுக்குச் சுயமரியாதைத் திருமணம்தான் வேண்டும், 1967-ல் அண்ணா ஆட்சியில் சட்டமாக்கியது என்று சொல்லிச் சொல்லியே பையனை வளர்த்தவர். பெண்ணின் அப்பாவுக்கு எம்ஜிஆர் படம் இல்லாத பத்திரிகை பத்திரிகையே இல்லை. பெரியவரிடம் இதைச் சொன்னதும் டீயை வைத்துவிட்டுத் தன் கல்யாணப் பத்திரிகையை வரி வரியாக ஒப்பித்தார். பக்கத்து பெஞ்சுக்காரர் தன்னுடையதை ஒப்பித்தார். அந்த இரண்டையும் திரைக்கதையில் அப்படியே சேர்த்துவிட்டேன். மில்காரர் பணத்தில் எடுத்திருந்தால் இந்த இரண்டு பத்திரிகையில் ஒன்றுதான் படத்தில் வந்திருக்கும். ஒரு பக்கத்துக் காசில் இன்னொரு பக்கத்தை மரியாதையாகக் காட்ட முடியாது, அவ்வளவுதான் என் கணக்கு.

வசூல் தை மாதக் கடைசி வரை. 32 லட்சம் சேரவில்லை என்றால் நோட்டில் உள்ள அத்தனை பேருக்கும் அவரவர் தொகையைத் திருப்பித் தருவோம். தருகிறவரிடம் எந்தக் கட்சி என்று நாங்கள் கேட்பதில்லை, அவராகச் சொன்னாலும் எழுதிக்கொள்வதில்லை.

இன்னொரு உதவி. தலைவர்கள் படம் போட்டு அச்சடித்த பழைய கல்யாணப் பத்திரிகைகள் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால் படப்பிடிப்புக்கு இரவல் தாருங்கள். எழுபது, எண்பதுகளில் ஈரோடு, கோவை அச்சகங்களில் அடித்தது என்றால் ரொம்ப நல்லது. எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி. ஸ்கேன் செய்துகொண்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.