சாவித்திரிபாய்க்கு உள்பாவாடை எதற்கு? நாடகம் போடுகிறவர்களுக்குச் சில குறிப்புகள்

ஜனவரி 3 சாவித்திரிபாய் புலே பிறந்தநாள், மார்ச் 8 மகளிர் தினம். இந்த இரண்டு மாதத்துக்குள் மும்பைப் பக்கம் மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி என்று நம் தமிழர்கள் இருக்கும் இடமெல்லாம் ஒரு நாடகமாவது மேடையேறிவிடும். வசனத்தில் குறை இருக்காது. குறையெல்லாம் உடையிலும் பொருள்களிலும்தான். சாவித்திரிபாய் பளபள சாட்டின் உள்பாவாடைக்கு மேல் ஆறு கஜம் கட்டி, தோளில் ஊக்கு குத்திக்கொண்டு வருவார். பூனாவில் பிடே வாடா என்ற வீட்டில் அவர் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியது 1848-இல். ஊக்குக்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியதே 1849-இல்!

இதில் என்ன இருக்கிறது, கருத்துதானே முக்கியம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாவித்திரிபாய் மாதிரி அந்தக் காலத்தில் போராடிய பெண்களின் சண்டையே உடை, குளியல், சாப்பாடு, தலைமுடி பற்றியதுதான். அவற்றைத் தப்பாகக் காட்டிவிட்டு என்ன வசனம் பேசினாலும் எடுபடாது.

முதலில் புடவை. 1848-க்கு ஒன்பது கஜம், பருத்தி. மீட்டர் கணக்கில் எட்டுக்குச் சற்று மேல். உள்பாவாடை கிடையாது; தார்ப்பாய்ச்சிக் கட்டும் உடைக்குள் அது அடங்கவும் செய்யாது. மடிசார் கட்டத் தெரிந்த மாமி யாராவது இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஆனால் மடிசாரையே கட்டி விட்டுவிடாதீர்கள். ஐயர் கட்டில் முந்தானை வலது தோளுக்குப் போகும். நவ்வாரி என்கிற மராட்டிய ஒன்பது கஜக் கட்டில் இடது தோள்.

கட்டும் முறை சுருக்கமாக இதுதான். ஒரு தலைப்பைக் கொஞ்சம் விட்டு இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து முன்னால் இறுக்கி முடிச்சுப் போடுங்கள். எல்லாவற்றையும் தாங்குவது இந்த முடிச்சுதான், ஆகவே இங்கே தயவு தாட்சண்யம் வேண்டாம். நீளமான பக்கத்தை ஒரு சுற்றுக் கொண்டுவந்து முந்தானைக்கு வேண்டிய அளவை இடது தோளில் முதலிலேயே போட்டு அளந்துகொள்ளுங்கள். நடுவில் மிஞ்சும் துணியைக் கொசுவமாக மடித்து முன்னால் செருகுங்கள். கொசுவத்தின் கீழ் நடுப்பகுதியைப் பிடித்துக் கால்களுக்கிடையே பின்னுக்கு இழுத்து, முதுகுப்புறம் இடுப்பில் செருகினால் காஷ்டா. செருகும்போது கட்டுகிற பெண் நேராக நிற்கக் கூடாது, பாதி உட்கார்ந்த நிலையில் இருக்க வேண்டும். நின்றபடி இறுக்கினால், மேடையில் தரையில் உட்கார்ந்து பாடம் சொல்லும் காட்சியில் பின்னால் உருவிக்கொண்டு வந்துவிடும். கஞ்சி மொடமொடப்போடு இருக்கும் புதுப் புடவையும் அடங்காது. இரண்டு முறை துவைத்து எடுத்து வையுங்கள்.

தாதரில் தைத்த ரெடிமேட் நவ்வாரி கிடைக்கும், ஐந்து நிமிஷத்தில் மாட்டிவிடலாம். ஆனால் அது நடன உடை. உடம்பை ஒட்டித் தைத்திருப்பார்கள். பள்ளிக்கூட வாத்தியாரம்மாவுக்குப் போட்டால் லாவணி ஆட வந்தவர் மாதிரி ஆகிவிடும்.

சாவித்திரிபாய் மேல் சாணியும் மண்ணும் வீசிய காட்சி இல்லாத நாடகமே இல்லை. அவர் மாற்றுப் புடவை ஒன்றைக் கையோடு கொண்டுபோவார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஒன்பது கஜத்தை அவிழ்த்துத் திரும்பக் கட்ட எவ்வளவு நேரமாகும் என்று யோசித்துப் பாருங்கள். வகுப்பு தொடங்குமுன் தினமும் அந்த வேலை! மேடையில் முழுசாக மாற்றிக் காட்ட முடியாது. மூட்டையைப் பிரித்து மடிப்பை உதறுவதோடு நிறுத்துங்கள், போதும். சேற்றுக்குக் கோகோ பவுடரைத் தண்ணீரில் குழைத்துக்கொள்ளுங்கள்; கறை பிடிக்கும் மஞ்சள் மட்டும் வேண்டவே வேண்டாம்.

உள்பாவாடையும் ரவிக்கையும் வேண்டிய பாத்திரம் ஒன்று உண்டு, அதுவும் இந்த ஊர்க் கதைதான். ஞானதானந்தினி தேவி. முதல் இந்திய ஐ.சி.எஸ். அதிகாரி சத்யேந்திரநாத் தாகூரின் மனைவி. 1864-இல் கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு வந்தார். வங்காள வீடுகளில் பெண்கள் அப்போது ஒற்றைத் துணி உடுத்தி அந்தப்புரத்தில் இருந்தார்கள். அதோடு தெருவுக்கு வர முடியாது. பயணத்துக்கென்று ஒரு பிரெஞ்சுக் கடையில் உடை தைத்தார்கள். அதைத் தானாக மாட்டிக்கொள்ளவே அவரால் முடியவில்லை. பம்பாயில் மானக்ஜி கர்செட்ஜி என்ற பார்சிப் பெரியவர் வீட்டில் தங்கினார்கள். பெண்களுக்கு ஆங்கிலப் பள்ளி தொடங்கியவர் அவர். அந்த வீட்டுப் பெண்கள் கட்டும் விதத்தைப் பார்த்து, வலது தோளில் இருந்த முந்தானையை இடது தோளுக்கு மாற்றி, உள்ளே பாவாடை, மேலே ரவிக்கை என்று ஒரு முறையை அமைத்துக்கொண்டார். வலது கை வேலைக்குத் தடையில்லாமல் கிடைத்தது. வங்காளத்தில் பிரம்ம சமாஜம் என்ற சீர்திருத்த இயக்கத்துப் பெண்கள் வழியாக அது பரவியது.

இன்றைய புடவைக்கட்டையே இவர்தான் கண்டுபிடித்தார் என்று வாட்ஸாப்பில் சுற்றுவது மிகை. முன்கொசுவம் வைக்கும் கட்டு தக்காணத்திலும் ஆந்திரத்திலும் இருந்ததுதான். பாவாடை, ரவிக்கை, புடவை மூன்றும் சேர்ந்து வெளியே போவதற்கான உடையானதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு என்று சொன்னால் சரி. இவர் பாத்திரத்துக்குக் காட்டன் உள்பாவாடையே வாங்குங்கள். கொசுவத்தின் கனம் முழுக்க நாடாவில் தொங்குகிறது. சாட்டின் வழுக்கும், நாடா என்னதான் இறுக்கினாலும் கொசுவம் இறங்கும்.

அடுத்தவர் ஆனந்திபாய் ஜோஷி. நம் சென்ட்ரல் லைன் கல்யாணில் 1865-இல் பிறந்தவர், 1886-இல் பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்றவர். அமெரிக்கக் குளிரில் ஒன்பது கஜம் கெண்டைக்காலைத் திறந்துபோடும் என்பதால் குஜராத்திக் கட்டுக்கு மாறினார். ஆகவே அமெரிக்கக் காட்சிகளில் கால் மூடிய புடவை. அறையில் கணப்பு புகைந்தது. அணைத்தால் குளிர், மூட்டினால் புகை. இந்த ஒரு காட்சி போதும், அவர் உடம்பு எப்படிக் கெட்டது என்று தனியாக வசனம் வேண்டாம். காசநோயோடு திரும்பி 1887 பிப்ரவரியில் இறந்தபோது 22 வயது நிறையவில்லை.

விதவைப் பாத்திரங்களுக்கு நாம் கண்ணை மூடிக்கொண்டு வெள்ளைப் புடவை எடுக்கிறோம். அது நம்மூர்ப் பழக்கம். மராட்டியப் பிராமண வீடுகளில் தலை மழித்த விதவைகள் உடுத்தியது அலவண் என்ற கருஞ்சிவப்பு முரட்டுப் புடவை, முந்தானையைத் தலைமேல் இழுத்துப் போர்த்தி, ரவிக்கை இல்லாமல். மேடைக்குத் தோல் நிறச் சட்டை உள்ளே போட்டுக்கொள்ளலாம். பண்டித ரமாபாய் விதிவிலக்கு. 1882-இல் கணவரை இழந்த பிறகு அவர் மழித்துக்கொள்ளவில்லை. முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டார், உடுத்தியது வெள்ளை. மொட்டைத் தலை விக் வாங்கிக் காசை வீணாக்காதீர்கள்.

ரமாபாய், விதவைகள் தங்கிப் படிக்கும் சாரதா சதனத்தைத் திறந்தது 1889 மார்ச் 11, பம்பாய் சௌபாத்தியில். அடுத்த வருஷமே பூனாவுக்கு மாற்றினார். இங்கே உடையைவிடச் சமையலறைதான் காட்சி. அவர் இங்கிலாந்தில் கிறிஸ்தவரானவர். ஆனால் கடைசிவரை சைவம், அங்கே இருந்தபோது முட்டை சேர்ந்த புட்டிங்கைக்கூடத் தொடவில்லை. சதனத்தில் சேர்ந்த பிராமண விதவைகளின் சாப்பாட்டிலும் ஆசாரத்திலும் கைவைப்பதில்லை என்பது ஏற்பாடு. அதில்லாமல் எந்த வீட்டிலும் பெண்ணை அனுப்பியிருக்க மாட்டார்கள். மதமாற்றப் புகார் கிளம்பி 1893-இல் பல பெண்களை வீட்டார் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். ஆகவே எல்லோரும் ஒரே பந்தியில் ரமாபாயோடு உட்கார்ந்து சாப்பிடுவதாகக் காட்டினால் கதையே கெட்டுவிடும்.

இன்னொரு ரமாபாய், சீர்திருத்தவாதியான நீதிபதி ரானடேயின் மனைவி. பதினொரு வயதில் அந்த வீட்டுக்கு வந்தவர். வெள்ளைக்கார அம்மாளிடம் ஆங்கிலப் பாடம் கேட்டுவிட்டு வந்தால் குளித்துத்தான் உள்ளே புழங்க வேண்டும் என்றார்கள் வீட்டுப் பெண்கள். மடி பார்த்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வாளி, ஒரு சொம்பு, ஈரத் தலை, மடியில் புத்தகம். செட்டுக்கு அவ்வளவுதான் செலவு. இரண்டு ரமாபாய்களையும் ஒருவராக்கி எழுதிய ஸ்கிரிப்டுகளும் சுற்றுகின்றன, பார்த்து வாங்குங்கள்.

மேடைப் பொருள்களில் அடிக்கடி தப்புவது விளக்கு. 1848 காட்சியில் மண்ணெண்ணெய் லாந்தர் வைக்காதீர்கள். எண்ணெயும் திரியுமாக அகல் அல்லது சமயி என்கிற மராட்டியக் குத்துவிளக்கு போதும். பம்பாய் வீட்டில் குழாய்த் தண்ணீர் காட்டுவதானால் 1860-க்குப் பிறகு, விஹார் ஏரித் தண்ணீர் வந்தபின். பம்பாயிலிருந்து பூனாவுக்கு மலை ஏறி நேராக ரயில் போனது 1863-இலிருந்து. பின்திரையில் வி.டி. ஸ்டேஷன் படம் போட ஆசையென்றால் சாரதா சதனம் மாதிரி 1888-க்குப் பிந்திய காட்சிகளுக்கு மட்டும் பொருந்தும். அந்தக் கட்டடம் முடிந்ததே 1888 வாக்கில்.

ருக்மாபாய் வழக்குக்குக் கோர்ட் சீன் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பதினொரு வயதில் கல்யாணமாகித் தாய்வீட்டிலேயே வளர்ந்த அவரைத் தன்னோடு அனுப்பச் சொல்லி தாதாஜி பிகாஜி வழக்குப் போட்டது 1884-இல். முதல் தீர்ப்பு ருக்மாபாய்க்குச் சாதகம். 1887-இல்தான் கணவனிடம் போ, இல்லையேல் ஆறு மாதம் சிறை என்று வந்தது. சிறைக்குப் போகிறேன் என்றார். ஆனால் போகவில்லை, 1888-இல் 2,000 ரூபாய் கொடுத்துக் கணக்கு முடிந்தது. கம்பிக்குப் பின்னால் அவரை உட்காரவைத்துப் பாட்டுப் பாடவைக்கும் காட்சியை வெட்டிவிடுங்கள். பணத்தை எண்ணிக் கொடுக்கும் காட்சியை வையுங்கள், அதற்கு ஒரு துணிப்பையும் பழைய நாணயம் மாதிரி கொஞ்சம் சில்லறையும் இருந்தால் போதும்.

ஆண் நடிகர்கள் மிஞ்சிப்போனால் 1890 நாவிதர் கூட்டத்தைப் போடலாம். தொழிலாளர் தலைவர் நாராயண் மேகாஜி லோகண்டேயின் முயற்சியில், விதவைகளின் தலையை இனி மழிப்பதில்லை என்று பம்பாய் நாவிதர்கள் எடுத்த முடிவு. ஐந்தாறு பேர், வேட்டி, தலைப்பாகை, ஆளுக்கொரு தோல்பை. கத்தி மட்டும் அட்டையில் வெட்டி வெள்ளித்தாள் ஒட்டியதாக இருக்கட்டும். குழந்தைகள் இருக்கிற மேடை.